உள்ளே போட்ட தையல்

மகனே நைனா,

நேற்று நீ போன் பண்ணியபோது உன் அம்மாவிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாய். "கேஸ் மாத்திரை போட்டியாம்மா?" போட்டேன் என்றாள். வெறும் வயிற்றிலா என்றாய். ஆமாம் என்றாள். சரி, வெச்சிடறேன் என்று வைத்துவிட்டாய். அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான். அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "முன்னெல்லாம் கப்பல்ல இன்னா கொழம்பு வெச்சாங்க, எவன் எவனோட சண்ட போட்டுக்கினான், எல்லாம் சொல்லுவான். இப்போ கம்பவுண்டர் மாதிரி பேசறான்யா" என்றாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் இதையெல்லாம் ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், இல்லையென்றால் நடுக்கடலில் சிக்னல் போய்விடும். எழுதினதை நீ படித்துத்தான் ஆக வேண்டும். உன் மாமா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே வந்து சேரட்டும்.

உன் அம்மாவுக்கு முதல் ஆபரேஷன் நடந்தபோது நீ ஊரில் இல்லை. அதைப் பற்றி உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. உன் அம்மா முட்டி வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுவது உனக்குத் தெரியும். தையல் மெஷினை மிதித்து மிதித்து வந்த வலி. பழைய வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்கள் பண்டிகை நேரத்தில் ரவிக்கைத் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். சாப்பிட நேரமிருக்காது. மாத்திரையை டீயில் விழுங்கிவிட்டு மறுபடி மெஷினில் உட்காருவாள். ஒரு நாள் மத்தியானம் கையில் துணியோடு அப்படியே தரையில் சரிந்தாள். வயிற்றைத் தொட்டேன், பலகை மாதிரி இருந்தது. தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டாள். உன் மாமா ஆட்டோவைக் கொண்டுவந்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முப்பது வருஷம் அந்த வண்டிகளில் வந்து போகிற பெட்டிகளுக்குக் கணக்கு எழுதித்தான் உன்னைப் படிக்கவைத்தேன். அன்று அவற்றுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, உன் மாமா ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்க, அவள் என் தொடையைப் பிறாண்டிக்கொண்டே வந்தாள். இறங்கி ஓடி வழி கேட்டேன். யாரிடம் கேட்பது? முன்னால் போகிற வண்டிக்காரனுக்கே வழி இல்லை.

இரைப்பையில் புண் இருந்து, அது ஓட்டையாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வயிற்றுக்குள் படர்ந்திருக்கும் கொழுப்புச் சவ்வில் கொஞ்சம் இழுத்து ஓட்டையின் மேல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அங்கே சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் இருந்தார், நீயும் பிற்பாடு பார்த்தவர்தான். வீட்டுக்கு அனுப்பும்போது என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "ஐயா, வயித்துல ஊறுற அமிலத்துக்கு இது சோறு, இது தையல்னு தெரியாது. எதுமேல பட்டாலும் அரிக்கும். புண்ணு ஆறுற வரைக்கும் அது குறைவா ஊறணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை. நாங்க சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது, புண்ணு வந்ததே அதனாலதான்." உன் அம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் வரும்போது என்னிடம், "உள்ள ஒட்டுத்துணி வெச்சுத் தெச்சிக்கீறாங்க. சாயம் நிக்கற வரிக்கும் நனைக்கக் கூடாதுன்றாங்க, அவ்ளோதானே" என்றாள். அவ்வளவுதான் என்றேன். வீட்டில் கிடந்த பழைய வலி மாத்திரைகளையெல்லாம் நானே அள்ளிக் குப்பையில் போட்டேன்.

பிறகு நீ கப்பலிலிருந்து இறங்கி வந்தாய். அந்த நாட்களை நீ இப்போது எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் பார்த்ததையும் நீ கேட்க வேண்டும். வந்த அன்றே என்னை அடுப்பங்கரையிலிருந்து வெளியே அனுப்பினாய். கஞ்சியைக் குழையக் காய்ச்சி, ஆறவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாய். அவளால் கையைத் தூக்க முடியாது என்று தலை சீவிவிட்டாய். உனக்குப் பின்னத் தெரியவில்லை, அவள் சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் சிரிக்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் புடவையைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக் கிண்டல் செய்தபோது, "எங்கம்மா புடவ, நான் தொவைக்கறேன், உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்று கேட்டாய். கீழே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது.

அந்த அக்கறையிலிருந்துதான் அடுத்ததும் வந்தது. உன் அம்மாவுக்கு அந்த மாத்திரை பிடிக்கவில்லை. போட்டால் வயிறு உப்புகிறது என்பாள். நீ போனில் தேடித் தேடிப் படித்தாய். ஒரு நாள் காலையில் போனை அவள் முன்னால் நீட்டி, "இத்த ரொம்ப நாளு போட்டா எலும்பு தேயுமாம்மா. கிட்னி போயிடுமாம். ஒரு தபா பழகிட்டா வுடவே முடியாதாம்" என்றாய். "எனக்கு அப்பவே தெரியும்டா. இத்த போட்டுக்கினா சோறு வயித்துலயே குந்திக்கினு கீது" என்றாள் அவள். டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாமே என்று நான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். "அவங்க எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க நைனா. அனுபவிக்கறது நம்மதானே" என்றாய். மாத்திரை நின்றது. அதற்குப் பதிலாக மணத்தக்காளிக் கீரையும் மோரும் கொடுத்தாய். அவள் முகம் தெளிந்தது. பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மெஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்துத் தூசி தட்டினாள். நீ செய்தது சரிதான் என்று நான் நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன செய்வேன்? கண் முன்னால் அவள் தேறிக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை நான் முழுதாக விவரிக்கப்போவதில்லை. நீதான் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினாய், லுங்கியோடு, செருப்பில்லாமல். அவள் வாந்தி எடுத்தது காப்பித்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. மலம் தார் மாதிரி போவதைச் சில நாட்களாகவே நம்மிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறாள், அது பிறகுதான் தெரிந்தது. நீ அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி, "கண்ணத் தொறம்மா, என்னப் பாரும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா, மாத்திரை ஒழுங்காகப் போட்டார்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாய். அவர் உன்னைத் திட்டவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் உனக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொள்கிறேன். யாராவது ஒருவர் உரக்கச் சொல்லியிருந்தால் நீ எதிர்த்துப் பேசியிருப்பாய், அழுதிருப்பாய். யாரும் சொல்லாததால் நீயே உனக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டாய்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒட்டுப் போட்ட இடத்தை ஒட்டியே புண் ஆறாமல் இருந்து ரத்தம் கசிந்திருக்கிறது. குழாய் வழியாக நிறுத்தப் பார்த்தும் முடியாமல் மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். நீ வெளியே டீக்கடை ஓரமாகப் போய் நின்றாய். உன் மாமா வாங்கிக் கொடுத்த டீ உன் கையிலேயே ஆறிப்போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அன்று மத்தியானம் முழுக்க எனக்கு உன் மேல் கோபம் இருந்தது. உன் பக்கத்தில் வராததற்கு அதுதான் காரணம். அவள் பிழைத்துக்கொள்வாள் என்று சொன்ன பிறகு அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடினாலும் இப்போது கிடைக்காது. ஆனால் அந்த மத்தியானம் நான் தள்ளி நின்றதை நீ கவனித்துவிட்டாய்.

மறுநாள் டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்தேன். அவர் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். "மாத்திரைய நிறுத்துனதாலதான் இப்டி ஆச்சா மேடம்?" என்று கேட்டேன். "நிறுத்தியிருக்கக் கூடாதுங்க ஐயா. அமிலம் குறைஞ்சாதான் புண்ணு ஆற வழி கிடைக்கும். உங்க பையன் படிச்சதும் பொய்யில்ல, வருஷக்கணக்கா போடறவங்க யோசிக்க வேண்டிய விஷயம் அது. இவங்களுக்கு இருந்தது பச்சைப் புண்ணு, இது வேற. ஆனா ஒழுங்கா போட்டவங்களுக்கும் சில பேருக்கு மறுபடி கசிஞ்சிருக்கு. நிறுத்திட்டு ஒண்ணும் ஆகாம நடமாடறவங்களும் இருக்காங்க. இவங்களுக்கு எதனாலன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார். அப்படியென்றால் என் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று கேட்டேன். "இதையேதான் சொல்லணும். வேற என்ன இருக்கு?" என்றார். அந்தப் பெண்ணுக்கு உன்னைவிட ஓரிரண்டு வயசு கூட இருக்கலாம். என்னை அனுப்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வெளியே வந்தால் நீ நின்றிருந்தாய். "நான் சொன்னதாலயா நைனா?" என்றாய். "சே, அதெல்லாம் இல்லடா" என்றேன். நான் சொன்ன வேகத்திலேயே நீ புரிந்துகொண்டுவிட்டாய், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று. டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். அதில் உன்னைக் காப்பாற்றுகிற பாதியும் இருந்தது, குத்துகிற பாதியும் இருந்தது. நீ குத்துகிற பாதியை மட்டும் எடுத்துக்கொள்வாய் என்று பயந்தேன். அதைச் சொல்லாமல் விட்டதில் உனக்கு அந்தப் பாதிதான் கிடைத்தது.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, ஐந்தாவது படிக்கும்போது உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகி, எழுந்து உட்கார முடியாமல் கிடந்தாய். ஆஸ்பத்திரியில் கொடுத்ததையும் கொடுத்தோம். உன் அம்மா யாரோ சொன்னார்கள் என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து தினமும் கொடுத்தாள். டாக்டரிடம் கேட்கவில்லை. உன் பெரியம்மா எந்தச் சாமிக்கோ வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு வைத்தாள். நீ எழுந்து ஓட ஆரம்பித்தாய். கீழாநெல்லிதான் காப்பாற்றியது என்று இன்று வரை உன் அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். அது எதனால் சரியானது என்று நான் ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. நல்லது நடந்தால் நாம் காரணத்தைத் தோண்டுவதில்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். கெட்டது நடந்தால்தான் பழியை மாட்ட ஒருத்தன் கழுத்தைத் தேடுகிறோம். அன்று அவள் அரைத்துக் கொடுத்ததும் இன்று நீ நிறுத்தச் சொன்னதும் ஒரே இடத்திலிருந்து வந்தவைதான் நைனா. அவளுக்குப் பலித்தது, உனக்குப் பலிக்கவில்லை. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

நீ மறுபடி கப்பல் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் இருந்த நாட்களில், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. மாத்திரைகளைக் காலை, மத்தியானம், ராத்திரி என்று டப்பாவில் பிரித்து வைத்தாய். எது நல்லது, எது கெட்டது என்று அவள் கேட்டால், "டாக்டரக் கேளும்மா" என்று மட்டும் சொன்னாய். முன்பு அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் ஓடிவந்து பத்து யோசனை சொல்லுகிறவன் நீ. நான் பயப்படுவது இதற்குத்தான். நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் வரும். மனைவிக்கோ குழந்தைக்கோ ஒன்று என்றால், நீ வாயை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பாயோ என்று பயமாக இருக்கிறது. அப்படி நிற்காதே. தேடிப் படி. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போய்க் கேள், பதில் சொல்லும்வரை எழுந்து வராதே, தேவைப்பட்டால் சண்டை போடு. கேட்டுவிட்டுச் செய். ஆனால் அக்கறைப்படுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்காததையும் எழுதிவிடுகிறேன். இளைத்துவிட்டாள். தன் ரவிக்கைகளையே பிரித்துப் பிடித்துத் தைத்துக்கொள்கிறாள். ஒரு கைப்பிடிக்கு மேல் சாப்பிட்டால் வியர்த்து, தலை சுற்றிப் படுத்துவிடுகிறாள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் சாப்பிட வேண்டும். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு நான் வாசலுக்குப் போய்விடுவேன். நான் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்காக இன்னொரு வாய் சாப்பிடுகிறாள், பிறகு அவஸ்தைப்படுகிறாள். வாசலில் நின்றுகொண்டு மணலி ஆலைகள் பக்கம் தெரிகிற புகையைப் பார்த்தபடி உள்ளே தட்டுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். என்னால் செய்ய முடிவது அவ்வளவுதான். அவள் வயிற்றுக்குள் நடப்பதை நான் பார்க்க முடியாது, உன் மனசுக்குள் நடப்பதையும் பார்க்க முடியாது.

போன வாரம் அவள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். "அவனுக்கு ஒண்ணு எழுதணும்யா. நான் வலி மாத்திர போட்டுக்கினேன்னு எழுது."

எப்போது என்று கேட்டேன்.

"அவன் வூட்ல கீறப்பதான். முட்டி தாங்கல. யாருக்கும் தெரியாம போட்டுக்கினேன். அதுனாலதான் ரத்தம் வந்துச்சு. அவன் நிறுத்தச் சொன்னதால இல்ல."

"மாத்திரை ஏது உனக்கு? எல்லாத்தையும் நான்தானே அள்ளிப் போட்டேன்."

"வூட்ல ஒரு பொம்பள எங்கெங்க இன்னா வெப்பான்னு உனக்குத் தெரியுமா?"

"மெய்யாலுமே போட்டியா?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதுன்னா எழுதேன்யா" என்றாள். மறுபடியும் கேட்டேன். போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வேறு வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். ஒரு தடவை காலையில் போட்டதாகச் சொன்னாள், இன்னொரு தடவை படுக்கப் போகும்போது என்றாள். மறந்துபோயிருக்கலாம். அல்லது போடாமலே இருந்து, உனக்காகச் சொல்லலாம். முட்டி வலிக்கு மாத்திரையைத் திருட்டுத்தனமாக விழுங்கக்கூடியவள்தான் அவள். பிள்ளைக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக்கூடியவளும்தான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ போனில் அவளைக் கேட்டாலும் போட்டேன் என்றுதான் சொல்வாள். அதனால் கேட்காதே. அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன், எனக்கு இருக்கிற சந்தேகத்தையும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள். அடுத்த தடவை போன் பண்ணும்போது மாத்திரை விஷயத்தை என்னிடம் கேள், நான் பார்த்துக்கொள்கிறேன். அவளிடம் கப்பலில் என்ன குழம்பு என்று சொல்.

இதுவரை எழுதியதை இப்போது அவளுக்குப் படித்துக் காட்டினேன். தலை சீவியதைப் படித்தபோது சிரித்தாள், இப்போது சிரித்தால் வலிப்பதில்லை. அவள் சொன்ன மாத்திரையைப் பற்றிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "நான் சொன்னத எழுதினது சரி. அதுக்கப்புறம் சந்தேகம், கிந்தேகம்னு இன்னாத்துக்கு எழுதிக்கீற? அத்த மட்டும் அடிச்சுடு" என்றாள். அவனுக்கு உண்மை தெரிய வேண்டாமா என்றேன். "அவனுக்கு உண்ம எதுக்குயா, அவன் நல்லா இருந்தா போதும்" என்றாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளால் எழுத்தைப் படிக்க முடியாது. பேனாவைத் தாளுக்கு மேலாகத் தூக்கிப் பிடித்து, அந்த வரிகளின் மேல் கோடு இழுப்பதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நகர்த்தினேன். "அடிச்சுட்டியா?" என்றாள். அடித்துவிட்டேன் என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.